இரண்டாவது பிரேக்

அன்று காலை பிரேக் அக்காவின் கால் அசையவில்லை.

டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டக் கற்பவருக்கு ஒரு பிரேக் உண்டு. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவருக்கு இன்னொரு பிரேக் உண்டு. அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் அவள் கால் எப்போதும் எலிவளைக்கு முன்னால் பூனை இருப்பதுபோல் இருக்கும். நாய் குறுக்கே வரலாமா என்று யோசிக்கும்போதே கார் நின்றுவிடும். அதனால் வந்த பெயர்தான் அது. லைசென்ஸ் வாங்கிப் போய் வருஷக்கணக்கான பிறகும் கடைத்தெருவில் பார்த்தால், "பிரேக் அக்கா, சௌக்கியமா?" என்று கூப்பிடுவார்கள்.

அன்று ஸ்டியரிங் பிடித்திருந்தவர் ஒரு தையல்காரர். பேரன் பிறந்த பிறகு கார் ஓட்டும் ஆசை வந்தவர். ஊசியில் நூல் கோப்பவர்போல மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்புவார். கிடங்குச் சுவர் முடிகிற முனையில், நடைபாதைப் பக்கமாக, அதாவது அவள் உட்கார்ந்திருந்த பக்கமாக, வண்டியைத் திருப்பினார். திருப்பியவர் திடீரென்று "ஐயோ!" என்று கத்திக்கொண்டு பிரேக்கை மிதித்தார். கார் குலுங்கி நின்றது. அவளுடைய நெற்றி கண்ணாடியில் இடிக்கப் பார்த்தது.

காரின் மூக்குக்கு முன்னால் ஒரு சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பின்னால் கட்டியிருந்த வாளி கவிழ்ந்து வெள்ளை பெயின்ட் தார் ரோட்டில் மெதுவாகப் பரவிக்கொண்டிருந்தது. சைக்கிளிலிருந்து குதித்திருந்த பெயின்டர் பானெட்டில் ஓங்கித் தட்டினார்.

"கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

"மன்னிச்சுக்குங்க, நான் புதுசு" என்றார் தையல்காரர்.

"நீங்க புதுசு, சரி. பக்கத்துல உக்காந்திருக்கற அம்மா என்ன ஜவுளிக்கடை பொம்மையா? நேரா அவங்க ஜன்னலை ஒட்டித்தானே வந்தேன்!"

பெயின்டரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினார்கள். தையல்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"மேடம், எனக்கு டெஸ்ட் வெச்சீங்களா? நானா நிறுத்தறேனான்னு பார்த்தீங்களா?"

"ஆமா. பாஸ் பண்ணிட்டீங்க."

"அதானே பார்த்தேன். நீங்களாவது மிதிக்காம இருக்கறதாவது!"

அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவளுக்குப் புரியவே இல்லை. தெருக்கோடியில் நிற்கும் லாரியின் நம்பர் பலகையைக்கூட இங்கிருந்தே எழுத்தெழுத்தாகப் படிக்க முடிகிறது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சைக்கிள், ஒரு மனுஷன், ஒரு வாளி. அந்த மூன்றும் எங்கே இருந்தன?

அவளுடைய கண்கள் அந்தக் குடும்பத்தில் ஒரு பெருமை. அண்ணன் எல்லோரிடமும் சொல்வான்: "என் தங்கச்சி கண்ணு கழுகுக் கண்ணு." அதே அண்ணன்தான் சின்ன வயதில் அவளுக்கு "சோடாபுட்டி" என்று பெயர் வைத்தவன். கண்ணாடியைக் கழற்றினால் தன் கை விரல்களே பஞ்சுபோல் தெரிந்த காலம் அது. குளிக்கப் போகும்போது கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தரையைத் தடவுவாள். மழையில் வகுப்பு எடுத்தால் இரண்டு கண்ணாடிகளைத் துடைக்க வேண்டும், காருடையது, தன்னுடையது. லேசர் செய்துகொள்ளலாம் என்று முதலில் சொன்னது அண்ணன். மருந்துக் கடை வைத்திருப்பவன். நாலு டாக்டர் பழக்கம், நானூறு மருந்தின் பெயர் மனப்பாடம். வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அவனிடம்தான் போவார்கள்.

கண் ஆஸ்பத்திரியில் அளந்து பார்த்துவிட்டு, உங்கள் கருவிழி மெல்லியது, மேலே மூடிபோல வெட்டித் திறந்து லேசர் செய்வது உங்களுக்குச் சரிவராது, மேல்தோலை மட்டும் சுரண்டிவிட்டுச் செய்கிறோம் என்றார்கள். வலி கொஞ்சம் அதிகம், பார்வை தெளியக் கொஞ்சம் தாமதமாகும் என்றும் சொன்னார்கள். கொஞ்சம் என்று சொன்னது ஆஸ்பத்திரிக் கணக்கு. கண்ணில் மிளகாயும் மணலும் ஒன்றாகக் கொட்டியதுபோல, ஜன்னல்களைத் துணியால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தாள். அண்ணன்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டு மருந்து விட்டான். சாப்பாட்டை உருட்டிக் கையில் வைத்தான். "இன்னும் கொஞ்சம்தான் சோடா, பொறுத்துக்க" என்றான்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கிக் காட்டிச் சொல்லியிருந்தாள். கண்ணைக் கசக்கக் கூடாது. தண்ணீர் படக் கூடாது. வெயிலில் கறுப்புக் கண்ணாடி வேண்டும். வெள்ளை மூடி பாட்டில் கண்ணீர் மாதிரி, காய்ந்தால் விட்டுக்கொள்ளலாம்.

"இந்த ரோஸ் மூடி மட்டும் ஜாக்கிரதை. இது ஸ்டீராய்டு. தழும்பு விழாம இருக்கறதுக்குக் குடுக்கறோம். நாங்க சொல்றபடி குறைச்சுக்கிட்டே வந்து நிறுத்தணும். நல்லா இருக்கேன்னு நீங்களா நீட்டிக்கக் கூடாது. கண்ணு நல்லா தெரிஞ்சாலும் தெரியாட்டியும் சொன்ன தேதிக்கு வந்து காட்டணும். என்னம்மா, கேக்குதா?"

அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் வலி ஆரம்பித்திருந்தது. நர்ஸின் முகம் ஒரு வெளுத்த வட்டமாகத் தெரிந்தது. "கேக்குது, கேக்குது. நான் மருந்துக் கடை வெச்சிருக்கேம்மா" என்று அண்ணன் சிரித்தபடி பதில் சொன்னான்.

வலி போனது. மங்கல் போனது. ஒருநாள் காலையில் கண் விழித்தபோது எதிர்வீட்டு மாடியில் காயும் துணியின் பூவேலை தெரிந்தது. அவள் சத்தம் போட்டு அழுதாள். அன்று மாலையே அண்ணன் கடைக்குப் போனாள். அவன் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி ஒரு மாத்திரை அட்டையை உயர்த்திப் பிடித்தான். "காலாவதித் தேதி என்ன, சொல்லு பார்க்கலாம்." பொடிப்பொடி எழுத்து. வாடிக்கையாளர் நிற்கும் பக்கத்தில் நின்றபடியே படித்தாள். கடைக்கு வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அதிலிருந்து அது அவர்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. அவள் கடைப்படி ஏறினால் அவன் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவான். அவள் படிப்பாள். அவன், "பாஸ்!" என்பான். ஊரில் வேறு எந்த அண்ணன் தங்கைக்கும் இப்படி ஒரு விளையாட்டு இருந்திருக்காது. அதைவிட வேறு பரிசோதனை எதற்கு என்று இருவருக்கும் தோன்றியதில் வியப்பில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒருமுறை போன் வந்தது, செக்கப்புக்கு ஏன் வரவில்லை என்று. பரீட்சை விடுமுறை, டிரைவிங் ஸ்கூலில் கூட்டம் அலைமோதிய நேரம். "எதுக்கு அங்க போய் அரைநாள் உக்காந்துக்கிட்டு? நான் இல்லையா?" என்றான் அண்ணன்.

ஒரே ஒரு தொல்லை மட்டும் மிஞ்சியிருந்தது. காரின் ஏசி காற்றும் ரோட்டுப் புழுதியும் பட்டு மாலைக்குள் கண்கள் காய்ந்து சிவந்துவிடும். வெள்ளை மூடி மருந்து விட்டால் கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு அரிக்கும். ரோஸ் மூடி விட்டால் மந்திரம் போட்டதுபோல் சிவப்பு மறைந்துவிடும். கண் பால்போல் வெளுத்துவிடும்.

"அண்ணா, அந்த ரோஸ் மூடி தீர்ந்துடுச்சு."

"இந்தா."

அவ்வளவுதான். சீட்டு கேட்கிற இடமா அது? அலமாரியில் கைநீட்டும் தூரத்தில் இருந்தது. தீரத்தீரக் கொடுத்தான். அண்ணன் வீட்டிலிருந்து தங்கை வெறுங்கையோடு போகக் கூடாது என்பதுபோல, அவள் கிளம்பும்போது கேட்காமலே பையில் ஒரு பாட்டிலைப் போட்டும் விடுவான். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

இடையில் அவள் இடுப்பிலும் காலிலும் காயங்கள் வந்துகொண்டிருந்தன. மேஜை முனை, கதவுக் கைப்பிடி, கட்டில் கால். பரிமாறும்போது பக்கத்தில் இருந்த தம்ளரைத் தட்டிவிட்டாள். அண்ணி சிரித்தாள்: "கண்ணு ரெண்டும் புதுசு, இடிக்கிறது மட்டும் பழசா?" எல்லோரும் சிரித்தார்கள். "அப்பா மாதிரியே" என்றான் அண்ணன். அப்பாவும் கடைசிக் காலத்தில் நிலைப்படியில் இடித்துக்கொண்டே நடந்தவர். வயசான கண்ணில் புரை என்று விட்டுவிட்டார்கள். அவரைக் கண் டாக்டரிடம் யாரும் கூட்டிப்போகவில்லை.

பெயின்ட் கொட்டிய அன்று மதியம் டிரைவிங் ஸ்கூல் மைதானம் காலியாக இருந்தது. பயிற்சிக்காக வைத்த மஞ்சள் கூம்புகள் வரிசையாக நின்றன. அவள் காருக்குள் உட்கார்ந்து ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நடுக் கூம்பைப் பார்த்தாள். பளிச்சென்று தெரிந்தது, அதில் ஒட்டியிருந்த சேற்றுத் துளிகூட. ஆனால் அதற்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கூம்புகள் இல்லை.

கறுப்பாக மறைக்கவில்லை. கறுப்பாக இருந்திருந்தால் என்றோ கண்டுபிடித்திருப்பாள். அங்கே வெறும் மைதானம் இருந்தது, யாரும் அங்கே கூம்பே வைக்காததுபோல. தலையைத் திருப்பினாள். கூம்பு முளைத்தது. திரும்ப நடுவைப் பார்த்தாள். கூம்பு இல்லை. மற்றக் கண்ணைப் பொத்திப் பார்த்தாள். அதிலும் ஓரங்கள் அரித்துப்போயிருந்தன, இந்த அளவுக்கு இல்லை. காரை விட்டு இறங்கிச் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு, நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரிவரை படித்தாள். படிக்கும்போது பழைய பெருமை ஒரு கணம் எட்டிப் பார்த்தது. பிறகு கண்ணில் மரத்துப்போகும் மருந்து விட்டு, ஒரு கருவியைக் கருவிழிமேல் வைத்து அழுத்தம் பார்த்தார்கள். பார்த்த பெண் மறுபடியும் பார்த்தாள். எழுந்து போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள்.

பிறகு இருட்டு அறை. வெள்ளைக் கிண்ணம்போல ஓர் இயந்திரம். அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அவளுக்கு இது பழகிய வேலைதான். வருவதைப் பார்த்ததும் அழுத்துவதுதானே அவள் பிழைப்பு. கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

ஒரு வெளிச்சம். அழுத்தினாள். இன்னொன்று. அழுத்தினாள். பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தாள். இயந்திரத்துக்குள் டிக், டிக் என்று ஏதோ நகரும் சத்தம் மட்டும் கேட்டது. கண் வலித்தது.

"மேடம், மிஷின் நின்னுடுச்சு போலிருக்கு" என்றாள் கிண்ணத்துக்குள்ளிருந்து.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"ஓடிக்கிட்டுதான் இருக்கு அக்கா. நீங்க நடுப் புள்ளியையே பாருங்க."

டிக். டிக். டிக். ஒவ்வொரு டிக்கும் ஒரு வெளிச்சம் என்று அவளுக்குப் புரிந்தது. சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்திவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. கட்டைவிரல் துடித்தது. அழுத்தவில்லை.

டாக்டரம்மா நடுவயதுக்காரர். கோபத்தை அடக்கி அடக்கிக் குரல் தட்டையாகிப் போனவர்.

"ரோஸ் மூடி மருந்தை எப்ப நிறுத்தினீங்க?"

"நிறுத்தலை."

"இன்னைக்கு வரைக்குமா?"

"காலையிலகூட விட்டேன்."

டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் வைத்தார். "சில பேர் கண்ணுக்குள்ள அந்த மருந்து அழுத்தத்தை ஏத்திடும். வலிக்காது, சிவக்காது. உள்ள இருக்கற நரம்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாச் சாகும். ஓரத்துல இருந்து ஆரம்பிக்கும், நடு கடைசியாத்தான் போகும். அதனாலதான் உங்களால கடைசி வரியும் படிக்க முடியுது. லேசர் பண்ணி மெலிஞ்ச கண்ணுல அளந்தா அழுத்தம் குறைச்சலாத்தான் காட்டும். அப்படிக் குறைச்சலாக் காட்டியே இவ்வளவுன்னா, நிஜத்துல இன்னும் மேல. வீட்ல யாருக்காவது கண் அழுத்தம் இருந்துதா?"

அவளுக்கு நிலைப்படியில் இடித்துக்கொண்ட அப்பா ஞாபகம் வந்தார். "தெரியலை டாக்டர். யாரும் பார்க்கலை."

"செக்கப்புக்கு ஏன்மா வரலை?"

"நல்லா தெரிஞ்சுது."

"நல்லா தெரியறவங்கதான் வர மாட்டாங்க" என்றார் டாக்டரம்மா. "சரி. இது யார் குடுத்தது இத்தனை நாளும்?"

"கடையில வாங்கினேன்."

"சீட்டு இல்லாம எந்தக் கடையில குடுத்தான் அந்தப் புண்ணியவான்?"

அவள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். டாக்டரம்மாவும் மேலே கேட்கவில்லை. போன பார்வை திரும்பாது என்றார். இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், வேறு சொட்டு மருந்து, அது போதாவிட்டால் ஆபரேஷன். வண்டி ஓட்டக்கூடாது. ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்காரவும் கூடாது.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து முதலில் தையல்காரருக்குப் போன் செய்தாள். மறுநாள் அவருக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

"நாளைக்கு வேற ஆள் வருவாங்க சார்."

"ஐயையோ, நீங்க பக்கத்துல இருந்தாத்தானே மேடம் எனக்குத் தைரியம்! காஜா எடுக்கத் தெரியாதவன் கோட்டு தைக்கப் போன கதையாயிடும்."

"சார், காலையில நான் டெஸ்ட் வைக்கலை. எனக்கு அந்த சைக்கிள் தெரியவே இல்லை. நிறுத்தினது முழுக்க நீங்கதான். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவர் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அவள் வைத்துவிட்டாள்.

அண்ணனிடம் சொல்வதில்லை என்று பஸ்ஸில் முடிவு செய்துகொண்டாள். என்ன பிரயோசனம்? போனது திரும்பப்போவதில்லை. இருட்டறையில் தனக்குச் சோறு உருட்டிக் கொடுத்த கையிடம் போய், இந்தக் கைதான் செய்தது என்று சொல்வதா? வேறு ஏதோ வியாதி, அப்பா வழியில் வந்தது என்று சொல்லிவிடலாம். அது முழுப் பொய்யும் ஆகாது. புது மருந்தை அவன் கடையில் வாங்காமல் வேறு கடையில் வாங்கிக்கொள்ளலாம். மனசுக்குள் எல்லாம் ஒழுங்காக வந்து உட்கார்ந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஒரு கிழவர்மேல் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

அண்ணன் கடையில் ஒரே ஒரு வாடிக்கையாளர் இருந்தாள். இளம் தாய், இடுப்பில் குழந்தை, கையில் பை.

"குழந்தை கண்ணைக் கசக்கிக்கிட்டே இருக்கு அண்ணே. போன மாசம் குடுத்தீங்களே ரோஸ் மூடி, அது நல்லாக் கேட்டுது. இப்ப மறுபடியும் அரிக்குது போல."

"கேக்காம? அது என் தங்கச்சி கண்ணையே வெளுக்க வெச்ச மருந்தாச்சே. ஆளே வந்தாச்சு பாருங்க!" அண்ணன் அலமாரியில் கைவிட்டுப் பாட்டிலை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தான். "கண்ணைப் பாருங்க, பால் மாதிரி."

இளம் தாய் சிரித்துக்கொண்டு பாட்டிலை எடுக்கக் கை நீட்டினாள். அவளுக்கு முன்னால் பிரேக் அக்காவின் கை பாட்டிலின்மேல் விழுந்தது. யோசித்துச் செய்ததல்ல. பூனைக்கால் இத்தனை வருஷமாக எப்படி விழுந்ததோ அப்படி விழுந்தது.

"இதைக் கண்ணுல விடாதீங்கம்மா. குழந்தையைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இன்னைக்கே."

"என்ன சோடா இது, வியாபார நேரத்துல விளையாட்டு?"

"விளையாட்டில்லண்ணா." "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன். எனக்கு ஓரமெல்லாம் போயிடுச்சு. இந்த மருந்துதான். அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போச்சாம். இனிமே வராதாம்."

அண்ணனின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. கடையை மூடிய பிறகும் எரியும் விளக்குபோல வெறுமனே நின்றது.

"அழுத்தம் ஏறும்னு எனக்குத் தெரியும்" என்றான் மெதுவாக. "உள்ள வெச்சிருக்கற காகிதத்துல போட்டிருக்கு. நான் படிச்சிருக்கேன்டி. எல்லாருக்கும் வராது, சில பேருக்குத்தான்னு..." நிறுத்தினான். "நீ நல்லா தெரியுதுன்னு சொன்னியே. நேத்துகூடப் படிச்சியே."

"படிச்சேன்."

அவன் பக்கத்தில் கிடந்த ஏதோ ஒரு மாத்திரை அட்டையை எடுத்தான். வழக்கம்போல முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தான். "படி."

அவள் தேதியைப் படித்தாள். சரியாக இருந்தது.

"பாரு!" என்றான். "பாரு, படிக்கறே!"

"என் கண்ணைப் பார்த்துக்கிட்டே அட்டையை மெதுவா அந்தப் பக்கம் நகர்த்துண்ணா."

அவன் நகர்த்தினான். ஒரு சாண் போயிருக்காது.

"போயிடுச்சு" என்றாள்.

"இங்கதானே இருக்கு சோடா."

"எனக்கு இல்லை."

அவன் கையை இறக்கவில்லை. குழந்தை மட்டும் அந்த அட்டையைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. இளம் தாய் மெல்லப் பின்னால் நகர்ந்து படி இறங்கினாள்.

"இப்ப?" என்றான் அண்ணன், கையை இம்மியளவு உள்ளே கொண்டுவந்து. "இப்ப தெரியுதா? சொல்லு... இப்ப?"